பச்சை ஹாலுக்கு எந்த பிளைண்ட்ஸ்? சுவர் நிறத்திலேயே போடலாமா, வெள்ளைக்குப் போய்விடலாமா?

#1 வேளச்சேரிவாசி

வணக்கம். வேளச்சேரியில் மூன்றாவது மாடி ஃபிளாட். ஹால் பன்னிரண்டுக்குப் பதினாறு. பெயின்ட் வேலை இப்போதுதான் முடிந்தது. முழுக்கப் பச்சை என்று துணிந்து இறங்கிவிட்டோம். மூன்று சுவர் வாழைத்தண்டுப் பச்சை, டிவி சுவர் அதே பச்சையில் நாலு படி அடர்த்தி, சோபா பாசிப்பச்சை, கீழே விரிப்பு கிட்டத்தட்டக் கறுப்பை ஒட்டிய பச்சை. தரை மட்டும் பில்டர் போட்ட க்ரீம் டைல்ஸ். அதைப் பெயர்க்கிற உத்தேசம் இல்லை.

இப்போது தகராறு ஜன்னலில். மேற்குச் சுவரில் ஆறடி அகலம், நாலரை அடி உயரம், வெள்ளை யு.பி.வி.சி. ஸ்லைடிங். வடக்கே ஏழடி உயரமுள்ள பால்கனிக் கதவு. கடையிலிருந்து வந்தவர் சாம்பிள் அட்டைக் கட்டைப் பிரித்துச் சுவரில் வைத்துக் காட்டினார். ஒரு ரோலர் துணி (குழாயில் சுருட்டி ஏற்றி இறக்குகிற ரகம்) சுவரோடு அப்படியே ஒட்டிக்கொண்டது, எது சுவர் எது துணி என்று தெரியவில்லை. "இதையே போட்டுடலாம்" என்கிறார் வீட்டுக்காரர். "வெள்ளை போடும்மா, விளக்கு வைக்கிற நேரத்துல வீடு இருட்டா இருக்கக் கூடாது" என்பது மாமியார். எனக்கு இரண்டிலும் மனசு ஒட்டவில்லை. மேற்கு வெயில் வேறு சும்மா இல்லை, நாலு மணிக்கு மேல் சோபாவில் உட்கார முடியாது. யாராவது இப்படி ஒரே நிற அறைக்குப் போட்டிருந்தால் சொல்லுங்கள்.

#2 கொசுவலை

வெள்ளை. யோசிக்கவே வேண்டாம். ஜன்னல் ஃபிரேம் வெள்ளை, சீலிங் வெள்ளை, பிளைண்ட்ஸும் வெள்ளை. நாளைக்கே பச்சை சலித்துப் போய் நீலம் அடித்தாலும் ஜன்னலுக்குச் செலவு இல்லை. மாமியார் கட்சி.

#3 பாதிநிழல்

நான் கட்டடக்கலை படித்து அதே வேலையில் இருப்பவன். நிறத்தைப் பிறகு பார்ப்போம். அந்த அட்டையை அவர் சுவரில் வைத்துக் காட்டினார் என்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உடன்பாடு இல்லை. பிளைண்ட் தொங்கப்போவது சுவரில் இல்லை, கண்ணாடிக்கு முன்னால். சுவர் மீது விழும் வெளிச்சம் முன்னாலிருந்து வருகிறது. ஜன்னல் துணிக்குப் பகல் முழுக்க வெளிச்சம் முதுகுப் பக்கம். அதனால் ஒரே நிறம் இரண்டு இடத்திலும் ஒரே நிறமாக இருக்காது.

வெளிச்சம் புகாத துணி என்றால் பகலில் அது சுவரைவிட இரண்டு மூன்று படி இருண்டு தெரியும். சுற்றி இருக்கும் சந்துகளில் வெயில் பளீரென்று அடிக்க, நடுவில் மங்கிய ஒரு பலகை நிற்கும். வெளிச்சம் கசியும் துணி என்றால் வேறு கூத்து. துணி முழுக்கப் பச்சை விளக்காக எரியும். அந்த ஒளி க்ரீம் டைல்ஸில், முகத்தில், சாப்பாட்டுத் தட்டில் எல்லாம் இறங்கும். வெள்ளைச் சோறு இளம்பச்சையாகத் தெரியும். நீங்கள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நாலு பச்சைக்கும் நடுவில் உள்ள வித்தியாசமும் அந்த ஒளியில் மழுங்கிப் போகும். ஒரே நிற அறையின் அழகே அந்தப் படிகளில்தான் இருக்கிறது.

ராத்திரி கதை தலைகீழ். வெளியே இருட்டு, வெளிச்சம் முழுக்க உள்ளே. அப்போது மட்டும் பிளைண்ட் சுவர் மாதிரி நடந்துகொள்ளும். கடைக்காரர் காட்டிய பொருத்தம் ராத்திரிப் பொருத்தம்.

புடவைக் கடையில் அம்மாக்கள் என்ன செய்வார்கள்? பிடித்த புடவையை வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிரித்துப் பார்க்காமல் பில் போட மாட்டார்கள். அதையே செய்யுங்கள். ஒரு முழத் துணியாவது வாங்கிக் கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டுங்கள். காலையில், நாலரை மணி வெயிலில், விளக்கு போட்ட பிறகு என்று மூன்று வேளையும் பாருங்கள்.

#4 வேளச்சேரிவாசி

இது எனக்குத் தோன்றவே இல்லை. துணி கேட்டிருக்கிறேன். தர யோசிக்கிறார்கள், அட்டையில் உள்ள துண்டு உள்ளங்கை அளவுதான்.

ஒரு சந்தேகம். வீட்டில் இருப்பது எல்லாம் 6500 கெல்வின் வெள்ளை எல்.ஈ.டி. அது பச்சையை மாற்றிக் காட்டுமா?

#5 பாதிநிழல்

காட்டும். 6500-ல் பச்சை நீலத்தின் பக்கம் சாயும், 2700 அல்லது 3000-ல் மஞ்சள் பக்கம் போகும். இன்னொரு வம்பு, பெயின்டின் நிறமியும் பாலியெஸ்டர் துணியின் சாயமும் வேறு வேறு. ஒரு விளக்கில் இரட்டைப் பிள்ளைகள் போல இருப்பவை இன்னொரு விளக்கில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் நிற்கலாம். நூற்றுக்கு நூறு பொருத்தம் தேடினால் இந்தச் சிக்கல் எப்போதும் துரத்தும். வேண்டுமென்றே இரண்டு படி தள்ளி எடுத்துவிட்டால் சின்ன வேறுபாடு யார் கண்ணுக்கும் படாது. அரைகுறையாகப் பொருந்துவதுதான் ஒரே நிற அறையில் மிக மோசமாகத் தெரியும். பல்பு வாங்கும்போது சி.ஆர்.ஐ., அதாவது விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு, 90-க்கு மேல் உள்ளதாகப் பாருங்கள். சாதாரணமாகக் கிடைப்பது 80.

படி என்பதை எண்ணில் பார்க்க ஆசை என்றால் எல்.ஆர்.வி. என்று ஒரு கணக்கு உண்டு. வந்து விழும் வெளிச்சத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு நிறம் திருப்பி அனுப்புகிறது என்பது. 0 முழுக் கறுப்பு, 100 முழு வெள்ளை. உங்கள் ஷேட் எண்ணுக்கு அந்த அளவு கிடைக்கிறதா என்று பெயின்ட் கடையில் கேளுங்கள்.

#6 அளவுநாடா

மேடம், நான் பிளைண்ட்ஸ் மாட்டுற வேலைதான் பாக்குறேன், கோயம்புத்தூர் பக்கம். சார் சொல்றது சரி. ஆனா கலருக்கு முன்னாடி நீங்க முடிவு பண்ண வேண்டியது ஜன்னல் பள்ளத்துக்கு உள்ளயா வெளியயா மாட்டுறதுன்னு.

உள்ள மாட்டுனா பாக்க நீட்டா இருக்கும். ஆனா ரோலர்ல பிராக்கெட்டுக்கும் துணிக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் முக்கால் அங்குலம் வரைக்கும் சந்து விழும். மேற்கு ஜன்னல்ல சாயங்காலம் அந்தச் சந்து வழியா ரெண்டு வெள்ளைக் கோடு நெட்டுக்கு அடிக்கும். சுவரு, துணி எல்லாம் ஒரே கலர்னு ஆயிட்டா கண்ணு நேரா அந்தக் கோட்டுக்குத்தான் போகும். அதனால மேற்குக்கு வெளிய மாட்டுங்க. ரெண்டு பக்கமும் மூணு நாலு அங்குலம் கூட விட்டு, மேல நாலு அங்குலம் ஏத்தி. பால்கனிக் கதவுக்கும் அப்படியே. கைப்பிடி இடிக்குதான்னு பாத்துக்கோங்க.

உள்ள மாட்டுறதா இருந்தா அகலத்த மேல, நடு, கீழன்னு மூணு எடத்துல அளந்து இருக்கிறதுலயே சின்னதக் குடுக்கணும். பூச்சு வேலை எந்த வீட்லயும் நூல் புடிச்ச மாதிரி இருக்காது. அளவு அவங்களே வந்து எடுக்கட்டும். நீங்க எடுத்துக் குடுத்தா தப்பு உங்க தலைல.

இன்னொண்ணு, ஜீப்ரா பிளைண்ட்ஸ் தள்ளி விடப் பாப்பாங்க, வெளிச்சம் விடுற பட்டையும் மறைக்கிற பட்டையும் மாறி மாறி வர்றது, இப்ப அதுதான் ஓடுது. முழுசா மூடினாலும் பட்டைக்கு நடுவுல வெளிச்சம் வரும்.

#7 பாதிநிழல்

ஜீப்ரா பற்றி அளவுநாடா சொன்னதோடு ஒன்று. கோடே இல்லாத உங்கள் அறையில் பகல் முழுக்கப் படுக்கைக் கோடு போட்ட ஒரு பெரிய சதுரம் மட்டும் இருக்கும். அது பிடிக்கும் என்றால் போடுங்கள், எனக்குப் பிடிக்காது.

#8 கொசுவலை

இவ்வளவு ஆராய்ச்சி எதுக்கு? வெள்ளை என்றால் இந்தப் பிரச்சினை ஒன்றுமே வராது. பின்னால் வெயில் அடித்தாலும் வெள்ளை வெள்ளைதான். சாப்பாடும் வெள்ளையாகத் தெரியும்.

#9 பாதிநிழல்

வெள்ளையை நான் தள்ளவில்லை. ஆனால் சுத்த வெள்ளைத் துணி மேற்கு வெயிலில் கண்ணைக் குத்தும், ஜன்னலையே விளக்காக்கிவிடும். டிவி எந்தச் சுவரில்? தெற்கு அல்லது கிழக்கு என்றால் திரையில் ஜன்னல் பிரதிபலிக்கும். அடர்பச்சைச் சுவருக்குப் பக்கத்தில் அது இன்னும் உக்கிரமாகத் தெரியும், அடர்த்தி அருகில் இருந்தால் வெள்ளை கூடுதல் வெள்ளையாகத் தெரிவது கண்ணின் சுபாவம். சாயம் ஏறாத பருத்தி நிறம், சந்தனம், பச்சை லேசாகத் தொட்ட சாம்பல், இவை எல்லாம் வெள்ளையின் வேலையைச் செய்யும், சத்தம் போடாது. உங்கள் டைல்ஸும் க்ரீம்தானே. தரையில் இருப்பதை ஜன்னலுக்கு ஏற்றினால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும்.

வெப்பத்தை மறக்க வேண்டாம். உள்ளே தொங்கும் எந்தத் துணியும் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் அதைச் சந்திக்கிறது. வெளுத்த முதுகு உள்ள துணி ஒரு பகுதியைக் கண்ணாடி வழியே திருப்பி அனுப்பும். அடர்த்தியான முதுகு உறிஞ்சிக்கொண்டு உங்கள் மேல் அனலடிக்கும். சன்ஷேட் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். மாலை வெயில் சாய்ந்து வருகிறது, ஒன்றரையடி சன்ஷேட் அதற்குப் பொருட்டே இல்லை. சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் உங்கள் தலைக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்குப் பால்கனிக்கும் காலை, மாலை வெயில் உண்டு. வடக்குதானே என்று அலட்சியமாக விட்டுவிடாதீர்கள்.

#10 நூல்கண்டு

கரூரிலிருந்து எழுதுகிறேன் அக்கா, வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியில் இருக்கிறோம். தூக்கினால் மடிப்பு மடிப்பாக மேலே சேருமே, அந்த ரோமன் பிளைண்ட் பற்றி யாரும் பேசவில்லையே! ஒரே நிற அறைக்கு அதைவிடப் பொருத்தமாக எதுவும் இல்லை என்பேன். ரோலர் தட்டையாகப் பலகை மாதிரி தொங்கும். ரோமனில் மடிப்பு விழும், ஒவ்வொரு மடிப்பிலும் நிழல் இருக்கும், ஒரே துணியில் நாலு அடர்த்தி தானாகக் கிடைக்கும். நிறம் ஒன்று என்று ஆன பிறகு நெசவுதான் பேச வேண்டும். கட்டி நூல் கலந்து நெய்த துணி, கட்டம் கட்டமாகக் குழி விழும் வாஃபிள் நெசவு, அல்லது பச்சைப் பாவும் வெள்ளை ஊடையுமாகச் சாம்ப்ரே. கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு நூல், எட்ட நின்றால் ஒரே சாந்தமான பச்சை.

கவனிக்க வேண்டியது மூன்று விஷயம். பருத்தி சுருங்கும், அதனால் தைப்பதற்கு முன்னால் ஒரு தடவை நனைத்துக் காயவைத்தே ஆக வேண்டும். பின்னால் வெள்ளை அல்லது க்ரீம் லைனிங் கட்டாயம். அது இருந்தால் சார் சொன்ன பச்சை விளக்கு குறையும், வெயிலும் சாயத்தை நேரே தொடாது. மூன்றாவது சாயம். வெயிலுக்கு நிறம் நிற்பதை ஐரோப்பிய முறையில் 1 முதல் 8 வரை மதிப்பிடுவோம், 8 தான் உச்சம். ஜன்னலுக்கு 6-க்குக் குறைந்து எடுக்காதீர்கள். பருத்திக்குப் போடும் சாயங்களில் வேட், ரியாக்டிவ் என்று இரண்டு வகை உண்டு; வேட் சாயம் போட்டது பொதுவாக ரியாக்டிவைவிட வெயிலில் நிற்கும். பச்சை வெளுத்தால் நீலமாகவோ மஞ்சளாகவோ ஒரு பக்கம் சாய்ந்துவிடும், அப்போது உங்கள் ஒரே நிறக் கணக்கு போச்சு.

#11 அளவுநாடா

ரோமன் அழகுதான் அண்ணே. ஆனா தூக்குனா மேல முக்கால் அடிக்கு மேல மூட்டையா நிக்கும். நாலரை அடி ஜன்னல்ல முக்கால் அடி போனா என்ன மிஞ்சும்? இன்னும் மேல ஏத்தி மாட்ட எடம் இருந்தா சரி. பால்கனிக் கதவுக்கு வேண்டவே வேண்டாம், போகையில வரையில தலையில இடிக்கும்.

#12 கரிசல்காட்டான்

தாயி, எங்க ஊர்ல மேக்கு வாசலுக்கு மூங்கில் தட்டி கட்டி தண்ணி தெளிச்சு விட்டுருவோம். வெட்டிவேர்த் தட்டின்னா வாசத்துக்கு வாசம். வெயில் கண்ணாடியத் தொடுறதுக்கு முன்னாடியே நின்னுரும். அந்த சார் சொன்ன வெப்பக் கணக்குப்படி பாத்தாலும் வெளிய கட்டுறதுதானே நல்லது? கலர் பச்சை இல்லைன்னு யாரும் கேஸ் போடப் போறாங்களா?

#13 பாதிநிழல்

ஐயா சொல்வது வெப்பத்துக்கு முழுக்கச் சரி, வெளியே தடுப்பதற்கு ஈடு கிடையாது. ஆனால் இது அடுக்குமாடி. முகப்பில் எதைக் கட்டவும் அசோசியேஷனைக் கேட்க வேண்டும். பல இடங்களில் வெளியே தெரியும் துணி வெள்ளையாகவோ க்ரீமாகவோ இருக்க வேண்டும் என்று விதியே உண்டு. வேளச்சேரிவாசி அதையும் விசாரித்துவிடுங்கள்.

மூங்கில் பழுப்பு பச்சைக்கு அந்நியம் இல்லை. நிலை, கதவு தேக்கு நிறத்தில் இருந்தால் அந்தப் பழுப்பு ஏற்கெனவே அறைக்குள் இருக்கிறது. முழுக்க முழுக்க ஒரே நிறமான அறை என்று ஒன்று எங்கும் இல்லை.

வாஷிங்டனில் ஃப்ரீர் கலைக்கூடத்தில் மயில் அறை என்று ஒன்று இருக்கிறது. லேலண்ட் என்ற கப்பல் முதலாளியின் லண்டன் வீட்டுச் சாப்பாட்டு அறை. 1876-77-ல் விஸ்லர் என்ற ஓவியர் அதன் சுவர்களை நீலப்பச்சையில் மூழ்கடித்தார். ஜன்னல்களுக்கு உட்பக்கம் மடக்கும் மரக்கதவுகள். அவற்றில் தங்க நிறத்தில் மயில் தீட்டினார். கதவைத் திறந்தால் வெறும் வெளிச்சம், சாத்தினால் மயில். அறை முழுக்க ஒரே குடும்பத்து நிறம் என்றால் ஜன்னல்தான் கண் இளைப்பாறுகிற இடம், அங்கே கொஞ்சம் விலகலாம் என்பதற்கு அதை எப்போதும் உதாரணம் சொல்வேன்.

#14 கொசுவலை

கப்பல் முதலாளி வீட்டை வேளச்சேரி மூணாவது மாடிக்குக் கொண்டுவந்தாச்சு. லண்டனில் மேற்கு வெயிலுக்கு யார் சார் பயந்தார்கள்?

#15 பனிமூட்டம்

இங்கிலாந்திலிருந்து. நிறம் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. வீட்டில் சின்னக் குழந்தை உண்டா? ரோலரின் மணிச் சங்கிலி வளையமாகத் தொங்கும், குழந்தை கழுத்தில் மாட்டினால் ஆபத்து. இங்கே சங்கிலியின் அடி தரையிலிருந்து ஒன்றரை மீட்டராவது மேலே இருக்க வேண்டும், சுவரில் கிளிப் போட்டு இழுத்துக் கட்ட வேண்டும் என்பது விதி. அமெரிக்காவில் 2024 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த தரநிலை தொங்கும் கயிற்றையே ஏறக்குறைய ஒழித்துவிட்டது. நம் ஊரில் மாட்டுகிறவர்கள் பலர் கிளிப்பைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். கேட்டு வாங்குங்கள். பக்கத்தில் சோபா இருந்தால் அதில் ஏறிப் பிடிக்கவும் வாய்ப்பு உண்டு.

#16 வேளச்சேரிவாசி

இரண்டாம் வகுப்புப் பையன் இருக்கிறான், சோபா ஜன்னலடியில்தான். நல்ல நேரத்தில் சொன்னீர்கள்.

துணி கிடைத்துவிட்டது. வேறொரு கடையில் கேட்டேன், முன்பணம் வாங்கிக்கொண்டு ஏ4 அளவில் நாலு கொடுத்தார்கள். கண்ணாடியில் வரிசையாக ஒட்டிப் பார்த்தேன்.

முதலில் அந்தச் சுவர் நிறத் துணி, வெளிச்சம் புகாத ரகம். காலையில் பார்த்தபோதே திடுக்கென்றது. பச்சை என்றே தோன்றவில்லை, நனைந்த சிமென்ட் போல. விளக்கு போட்டதும் சுவரோடு கரைந்துவிட்டது. பாதிநிழல் சொன்னது அட்சரம் பிசகவில்லை. அதே நிறத்தில் வெளிச்சம் கசியும் துணியை ஒட்டியதும் நாலரை மணிக்குப் பையன் "அம்மா, உன் கை பச்சையா இருக்கு" என்று கத்தினான். சுத்த வெள்ளையைச் சாயங்காலம் நேரே பார்க்க முடியவில்லை, கொசுவலை மன்னிக்கவும். நாலாவது, சாயம் ஏறாத பருத்தி நிறத்தில் கட்டி நூல் தெரிகிற துணி. அது மூன்று வேளையும் முகம் சுளிக்க வைக்கவில்லை. மாலையில் கொஞ்சம் தேன் நிறம் ஏறுகிறது, டைல்ஸோடு சேர்ந்துபோகிறது.

ஆனால் மேற்கு ஜன்னலுக்கு அது வெயிலைத் தாங்குமா என்று சந்தேகம். கடைக்காரர் ஸ்க்ரீன் துணி, 3 சதவீதம், 5 சதவீதம் என்று ஏதேதோ சொல்கிறார்.

#17 அளவுநாடா

அது நெட்டு மாதிரி ஓட்டை வெச்சு நெய்யுற துணி மேடம், சன் ஸ்க்ரீன்னு சொல்லுவாங்க. 3 சதவீதம்னா நூறு பங்குல மூணு பங்கு ஓட்டை. 10 போட்டா தெரு நல்லாத் தெரியும், வெயிலும் வரும். மேற்குக்கு 1 இல்ல 3. ரெண்டு பக்கமும் வேற வேற கலர் வர்றது இருக்கு, வெளிப்பக்கம் வெள்ளை, உள்பக்கம் டார்க். அதக் கேளுங்க. அசோசியேஷன் வாயும் அடஞ்சிரும்.

ஒரு எச்சரிக்கை. பகல்ல உள்ள இருந்து வெளிய தெரியும், வெளிய இருந்து உள்ள தெரியாது. ராத்திரி லைட்டு போட்டா அப்படியே திரும்பிரும். எதிர் பிளாக்ல இருக்கிறவங்களுக்கு நீங்க நடமாடுறது தெரியும். அதுக்கு ரெண்டாவது துணி வேணும். டபுள் ரோலர் போட்டீங்கன்னா ஒரே பிராக்கெட்ல ரெண்டு குழாய், முன்னாடி ஒண்ணு பின்னாடி ஒண்ணு.

#18 பாதிநிழல்

உள்பக்கம் அடர்த்தி என்பதில் ஒரு வசதி உண்டு. அடர்ந்த நிற ஸ்க்ரீன் வழியே வெளியே பார்ப்பது வெளிர் நிறத்தைவிடத் தெளிவாக இருக்கும், கண்கூச்சமும் குறைவு. முதுகு வெள்ளை என்பதால் வெப்பத்துக்கும் பாதகம் இல்லை. டிவி சுவரின் அடர்பச்சைக்கு அருகே ஒரு சாம்பல் பச்சை கிடைத்தால் அதை எடுங்கள். ராத்திரிக்கு அந்த ஸ்க்ரீனுக்கு முன்பக்கமாகப் பருத்தி நிறத் துணியை இறக்கிக்கொள்ளலாம். பகலில் ஓர் அடர்த்தி, இரவில் ஒரு வெளிர்மை. மூன்றாவது நிறம் தேவைப்படாது.

#19 நூல்கண்டு

பால்கனிக் கதவுக்கும் அதே பருத்தி நிறத்தைப் போடுகிறீர்கள் என்றால் எல்லாவற்றையும் ஒரே தடவையில், ஒரே லாட்டில் ஆர்டர் கொடுங்கள் அக்கா. பிறகு கொடுத்தால் அதே எண்ணில் வரும், அதே நிறத்தில் வராது. ரோல் அகலத்தையும் கேளுங்கள். சில துணி இரண்டு மீட்டர்தான் வரும். ஆறடி ஜன்னலுக்குப் பக்கத்துக்கு நாலு அங்குலம் கூட்டினால் ஏறக்குறைய அந்த எல்லையைத் தாண்டிவிடுவீர்கள். இரண்டாகப் பிரிக்க வேண்டி வந்தால் நடுச் சந்து ஸ்லைடிங் கதவு சேருகிற இடத்துக்கு நேராக வரட்டும். இல்லாவிட்டால் தினமும் உறுத்தும்.

ரோமனை விட்டுவிட்டீர்களே என்று வருத்தம்தான். படுக்கையறைக்குக் கேளுங்கள், துணி நான் சொல்கிறேன்.

#20 வேளச்சேரிவாசி

ஆர்டர் கொடுத்துவிட்டோம். மேற்குக்கு டபுள் ரோலர். பின்னால் 3 சதவீத ஸ்க்ரீன், வெளிப்பக்கம் வெள்ளை, உள்பக்கம் சாம்பல் பச்சை. முன்னால் பருத்தி நிறம். பால்கனிக்குப் பருத்தி நிறம் மட்டும். அந்த ஸ்க்ரீன் துணி இரண்டரை மீட்டர் ரோல், பருத்தி நிறமும் அப்படியே. பிரிக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் நாலு அங்குலம் கூட்டி வெளியே மாட்டச் சொல்லியாயிற்று. பல்பை 4000-க்கு மாற்றலாம் என்று வீட்டுக்காரரே சொன்னார். இந்த இழையை ரகசியமாகப் படிக்கிறார் போல.

மாமியார் பருத்தி நிறத் துணியைத் தடவிப் பார்த்துவிட்டு "வெள்ளைதானே, நான் அப்பவே சொன்னேனே" என்றார். மறுத்துப் பேசவில்லை.

ஒன்றே ஒன்று பாக்கி. சங்கிலி எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்கிறார்கள். சோபாவின் இடது கை ஜன்னலின் இடது ஓரத்தில் முடிகிறது. வலது பக்கம் புத்தக அலமாரி.

#21 அளவுநாடா

வலது பக்கம் வைங்க மேடம். சோபா பக்கம் இருந்தா பையன் ஏறிப் பிடிப்பான். அலமாரி பக்கம் மேல ஏத்திக் கிளிப் அடிச்சிரலாம். டபுள் ரோலர்னா ரெண்டு சங்கிலி வரும், "ரெண்டையும் ஒரே பக்கம் கேக்காதீங்க, சிக்கிக்கும்"னு கடைக்காரங்க சொல்லுவாங்க. சொன்னா கேக்காம ஒரே பக்கமே வாங்குங்க, ஒண்ணு முன்னாடி ஒண்ணு பின்னாடி தள்ளித்தான் தொங்கும். அலமாரி ஜன்னல் ஓரத்துல இருந்து எத்தன அங்குலம் தள்ளி இருக்கு?